மொஹாவியில் யார் பக்கம் நிற்பது: ஃபால்அவுட் நியூ வேகஸின் பாத்திரங்களுக்கும் அறத் தேர்வுகளுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஃபால்அவுட் வரிசையின் கதையுலகில், 2077 அக்டோபர் 23 அன்று நடந்த அணுப்போர் இரண்டே மணி நேரத்தில் உலகைச் சாம்பலாக்கிவிடுகிறது. 1997-இல் இன்டர்ப்ளே நிறுவனம் வெளியிட்ட முதல் விளையாட்டில், வால்ட் 13 என்ற நிலத்தடிப் புகலிடத்தின் தண்ணீரைச் சுத்திகரிக்கும் சில்லு பழுதாகிவிட, 150 நாட்களுக்குள் மாற்றுச் சில்லைத் தேடிக் கொண்டுவருமாறு ஒருவரை வெளியே அனுப்புகிறார்கள். அவர் சில்லையும் கொண்டுவந்து, மனித குலத்துக்கே வரவிருந்த பேராபத்தையும் ஒழித்துவிட்டுத் திரும்பும்போது, வெளியுலகைப் பார்த்துவிட்ட அவரால் மற்றவர்களின் மனமும் மாறிவிடும் என்று அஞ்சி, புகலிடத்தின் தலைவர் அவரை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுகிறார். நன்மை செய்தவருக்குப் பரிசு உறுதியில்லை என்ற இந்தக் கண்டிப்பு, வரிசை முழுவதற்கும் அடித்தளமாக இருக்கிறது.

2024-இல் தொலைக்காட்சித் தொடர் வந்த பிறகு, இந்த வரிசையை முதன்முறையாகத் தொடுபவர்கள் பலர். எதில் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது, 2010 அக்டோபரில் அப்சிடியன் நிறுவனம் உருவாக்கி பெதெஸ்டா வெளியிட்ட, மொஹாவி பாலைவனத்திலும் அதிலுள்ள வேகஸ் நகரிலும் நடக்கும் ஃபால்அவுட்: நியூ வேகஸ். படங்காட்டும் திறனில் அதற்கு வயதாகிவிட்டது என்பது உண்மைதான். ஆனால் மனிதர்களை எழுதியிருக்கும் விதத்தில் இந்த வரிசையின் வேறெந்த விளையாட்டும் அதன் அருகில் வரவில்லை என்பது என் உறுதியான கருத்து. அதில் வரும் தேர்வுகளை எந்த வரிசையில், எந்த மனநிலையோடு, என்ன தயாரிப்போடு அணுகினால் அவை உண்மையிலேயே உங்கள் தேர்வுகளாக இருக்கும் என்பதைப் படிப்படியாகச் சொல்லவே இந்த வழிகாட்டி. ஆட்சியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் மனிதர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை. கதையின் முக்கியமான இடங்கள் சில இதில் வெளிப்படும். எதையும் தெரிந்துகொள்ளாமல் விளையாட விரும்புகிறவர்கள் மூன்றாம் படியோடு நிறுத்திக்கொண்டு, ஆட்டத்தை முடித்த பிறகு மீதியைப் படிக்கலாம்.

முதல் படி: கர்மாவையும் நற்பெயரையும் பிரித்துப் பாருங்கள்

நற்செயலுக்கு ஏறி, தீச்செயலுக்கு இறங்கும் கர்மா என்ற எண்ணை மனசாட்சியாக எடுத்துக்கொள்வதுதான் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம். அது எவ்வளவு நம்பத்தகாதது என்பதற்கு 2008-இல் வந்த ஃபால்அவுட் 3-இல் உள்ள டென்பென்னி கோபுரமே போதிய சான்று. பணக்காரர்கள் வாழும் அந்தக் கோபுரத்துக்குள் தங்களையும் குடியேற அனுமதிக்க வேண்டும் என்று, கதிர்வீச்சால் உருக்குலைந்த கூல்கள் ராய் ஃபிலிப்ஸ் என்பவன் தலைமையில் கேட்கிறார்கள். நீங்கள் வீடுவீடாகப் போய்ப் பேசி, முன்முடிவுகளை மாற்றி, இரு தரப்பையும் சேர்த்து வாழவைக்கலாம், கர்மாவும் ஏறும். ஆனால் சில நாட்கள் கழித்துத் திரும்பிப் போனால், அங்கிருந்த மனிதர்கள் அனைவரும் கொல்லப்பட்டிருப்பார்கள். அந்தக் கொடுமைக்காக ராயைத் தண்டித்தால், உங்கள் கர்மா குறைகிறது. அந்த எண் நீதியை அளக்கவில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

நியூ வேகஸிலும் கர்மா இருக்கிறது. யாரும் பார்க்காமல் ஒரு பொருளைத் திருடினாலும் அது குறையும். ஃபீண்ட்ஸ் என்ற போதைக் கும்பலைச் சுட்டுக்கொண்டே போனால் ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே அதைப் பொருட்படுத்த வேண்டாம். பொருட்படுத்த வேண்டியது நற்பெயர்க் கணக்கு. ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு தரப்பும் உங்களைப் பற்றித் தனித்தனியாக ஒரு கணக்கை வைத்திருக்கின்றன. அதிலும் நல்ல பெயருக்கு ஒரு பத்தி, கெட்ட பெயருக்கு ஒரு பத்தி. ஒன்று மற்றொன்றைக் கழித்துவிடுவதில்லை. ஓர் ஊரில் மூன்று பேரைக் கொன்றுவிட்டு முப்பது பேருக்கு உதவினால், அந்த ஊர் உங்களை நல்லவராக நினைப்பதில்லை; உதவியையும் கொலையையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொண்டு, உங்களைக் கணிக்க முடியாத ஆளாகப் பார்க்கிறது.

இரண்டாம் படி: பேசத் தெரிந்த ஒருவரை உருவாக்குங்கள்

உங்கள் பாத்திரம் ஒரு கூரியர். பிளாட்டினம் சில்லு ஒன்றைக் கொண்டுபோகும் வழியில் பென்னி என்பவன் தலையில் சுட்டு, குட்ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரின் கல்லறை மேட்டில் புதைத்துவிடுகிறான். மருத்துவர் மிட்செல் உயிரைக் காப்பாற்றிய பிறகு, உங்கள் இயல்புகளையும் திறன்களையும் அவர் வீட்டிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே துப்பாக்கித் திறனை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பினால், பின்னால் வரும் தேர்வுகளில் பாதி உங்களுக்குத் திறக்காது. ஃபால்அவுட் 3-இல் பேச்சுத் திறன் வெற்றிக்கான வாய்ப்பை மட்டுமே கூட்டியது. தோற்றால் ஆட்டத்தின் பழைய சேமிப்பைத் திறந்து மறுபடி முயலலாம். நியூ வேகஸில் வாய்ப்புக்கு இடமில்லை: 50 வேண்டும் என்றால் 50 வேண்டும், 49 போதாது. ஆகவே முதன்மையான மூன்று திறன்களில் ஒன்றாகப் பேச்சை வைத்துக்கொண்டு, மீதியில் மருத்துவம், அறிவியல், வணிகம் ஆகியவற்றில் ஒன்றையாவது தொடக்கத்திலிருந்தே வளர்த்து வாருங்கள். புத்திக்கூர்மையைக் கூட்டிவைத்தால் ஒவ்வொரு நிலையிலும் கிடைக்கும் திறன் புள்ளிகள் அதிகமாகும். வழியில் கிடைக்கும் திறன் இதழ்களை உடனே படித்துத் தீர்த்துவிடாமல் சேர்த்து வையுங்கள். ஒவ்வொன்றும் ஒரு திறனைச் சற்று நேரத்துக்கு 10 புள்ளிகள் உயர்த்துவதால், எட்டாத உரையாடல் ஒன்றை எட்டவைக்க அவை போதும்.

சேமிப்பைப் பற்றியும் இங்கேயே ஒரு வார்த்தை. இந்த விளையாட்டு அவ்வப்போது நின்றுபோகக்கூடியது என்பதால், ஒவ்வோர் ஊருக்குள் நுழையும்போதும் தனிச் சேமிப்பு ஒன்றை உருவாக்குங்கள். ஆனால் ஒரு முடிவின் விளைவு பிடிக்கவில்லை என்பதற்காக அதைத் திறக்காதீர்கள். முதல் ஆட்டத்தில் விளைவோடு வாழ்ந்து பார்ப்பதுதான் இந்த விளையாட்டு தரும் முழு அனுபவம்.

மூன்றாம் படி: குட்ஸ்பிரிங்ஸில் அவசரப்படாதீர்கள்

மதுக்கடைக்குள் நுழையும்போதே, ஜோ காப் என்ற ரவுடி கடைக்காரி ட்ரூடியை மிரட்டிக்கொண்டிருப்பதைக் காண்பீர்கள். தன்னிடமிருந்து தப்பி ஊரில் ஒளிந்திருக்கும் ரிங்கோ என்ற வணிகனை ஒப்படைக்கச் சொல்கிறான். ரிங்கோவுக்கு உதவலாம், அல்லது காப் பக்கம் சேர்ந்து உங்களை உயிர்ப்பித்த ஊரையே சூறையாடலாம். இரண்டாவது வழியைத் தேர்பவர்கள் குறைவு. எனினும் அந்தக் கதவும் திறந்தே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ரிங்கோவுக்கு உதவுவதானால் உடனே துப்பாக்கியைத் தூக்க வேண்டாம். ட்ரூடியிடம் பேச்சுத் திறனாலும், கடைக்காரர் செட்டிடம் வணிகத் திறனாலும், ஈஸி பீட்டிடம் வெடிபொருள் அறிவாலும், மிட்செலிடம் மருத்துவத்தாலும் உதவி கேட்கலாம். யாரிடம் எதைப் பற்றிப் பேசினால் காது கொடுப்பார் என்பதை யோசிக்கும் பழக்கம் இங்கே வந்துவிட்டால், இறுதிப் போர்வரை அது கைகொடுக்கும்.

நான்காம் படி: பிரிம், நிப்டன்

பிரிம் ஊரில் காவல் அதிகாரி இல்லை. நீங்கள் ஒருவரை அமர்த்த வேண்டும். சட்ட நடைமுறைக்குக் காத்திராமல் குற்றவாளிகளைச் சுட்டதற்காகச் சிறையில் இருக்கும் மேயர்ஸுக்கு மன்னிப்பு வாங்கித் தரலாம். பிரிம் ஸ்லிம் என்ற இயந்திரத்துக்கு நிரல் ஏற்றலாம். மொஹாவிக்காகப் போட்டியிடும் தரப்புகளில் ஒன்றான நியூ கலிபோர்னியா குடியரசின் படையை அழைத்து, பாதுகாப்போடு வரியையும் ஊரின் தலையில் ஏற்றலாம். குற்றமற்ற தேர்வு என ஒன்று அங்கே இல்லை. ஊர்க்காரர்களிடம் ஒவ்வொருவராகப் பேசி, அவர்கள் எதற்கு அதிகம் அஞ்சுகிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகே முடிவெடுங்கள்.

நிப்டனில் நீங்கள் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். குடியரசின் எதிரியான, சீசர் என்பவன் தலைமையிலான லீஜன் என்ற அடிமைப்படுத்தும் படை, அந்த ஊர் மக்களைச் சீட்டுக் குலுக்கி, ஒருவனை மட்டும் உயிரோடு விட்டு, இன்னொருவனின் கால்களை நொறுக்கி, மற்றவர்களைச் சிலுவையிலும் தீயிலும் கொன்றிருக்கிறது. விலங்கின் தலைத்தோலை அணிந்த அதன் ஆள் வல்பெஸ் இன்கல்டா உங்களைக் கொல்லாமல், பார்த்ததை எல்லாருக்கும் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறான். இந்த ஊர் காசுக்காக எல்லாத் தரப்பையும் காட்டிக்கொடுத்தது என்பது அவன் சொல்லும் நியாயம். அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. ஆத்திரத்தில் அவனைத் தாக்கினால், தொடக்க நிலையில் பெரும்பாலும் நீங்கள்தான் சாவீர்கள். வென்றாலும் லீஜனின் கொலையாளிகள் பாலைவனம் முழுவதும் உங்களைத் துரத்துவார்கள். என் ஆலோசனை: அன்று அமைதியாக நகர்ந்துவிடுங்கள், ஆனால் அங்கிருந்த முகங்களை மறந்துவிடாதீர்கள். பின்னால் சீசர் தன் அரசியல் தத்துவத்தைப் படித்தவரின் மொழியில் விளக்கும்போது, அந்தத் தத்துவம் தரையில் எப்படி இருக்கும் என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி நிப்டன்தான்.

ஐந்தாம் படி: நோவாக்கில் ஓர் இரவு தங்குங்கள்

முழு விளையாட்டிலும் ஓர் ஊரை மட்டும் நிதானமாக விளையாட முடியும் என்றால், அது நோவாக்காக இருக்கட்டும். சாலையோர விடுதி ஒன்றைச் சுற்றி உருவான ஊர். வாசலில் டிங்கி என்ற பெரிய டைனோசர் சிலை. அதன் திறந்த வாய்க்குள் உட்கார்ந்து, பகலில் மேனி வார்கஸும் இரவில் கிரெய்க் பூனும் காவல் காக்கிறார்கள். இருவரும் குடியரசின் குறிபார்த்துச் சுடும் படைப்பிரிவில் ஒன்றாக இருந்த நண்பர்கள், இப்போது பேசிக்கொள்வதில்லை.

இரவில் பூனிடம் போனால், அவர் மனைவி கார்லாவை யாரோ லீஜனுக்கு அடிமையாக விற்றுவிட்டதாகவும், அது ஊருக்குள் இருக்கும் ஒருவரின் வேலை என்றும் சொல்வார். ஆளைக் கண்டுபிடித்து, டைனோசருக்கு முன்னால் அழைத்து வந்து, அவர் கொடுக்கும் சிவப்புத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டால் போதும். மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

இங்கே விளையாட்டு செய்திருக்கும் காரியத்தைக் கவனியுங்கள். யாரை அழைத்து வர வேண்டும் என்று அது சொல்லவில்லை. தவறான ஆளை அழைத்து வந்தாலும் தடுப்பதில்லை. தொப்பியை வைத்தவுடன் குண்டு பாய்ந்துவிடும். ஆகவே விசாரணையை உண்மையான விசாரணையாகவே நடத்துங்கள். மேனிக்குக் கார்லாவைப் பிடிக்காது என்பதை அவரே ஒளிக்காமல் சொல்வார்; சந்தேகம் அவர் மீதுதான் முதலில் போகும். ஊரே பைத்தியம் என்று ஒதுக்கும் நோ-பார்க் நூனனிடமும் பேசுங்கள். அவர் சொல்வதில் பெரும்பகுதி கற்பனை. ஆனால் இரவில் விடுதி வரவேற்பறைக்குள் நிழல்போல் சிலர் நடமாடியதை அவர் பார்த்திருக்கிறார். எல்லாரும் தள்ளிவிட்ட ஒருவரின் வார்த்தையில் உண்மை ஒளிந்திருக்கிறது என்பதை, பொறுமையாகக் கேட்டவர்கள் மட்டுமே தெரிந்துகொள்வார்கள்.

வரவேற்பு மேசைக்குப் பின்னால், தரையில் பதித்த பெட்டகம் ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒரு விற்பனைப் பத்திரம். கார்லாவுக்கு 1000 பாட்டில் மூடிகள் (இந்த உலகின் காசு), அவர் வயிற்றில் இருக்கும் சிசு நல்லபடியாக வளர்ந்தால் அதற்கு மேலும் 500 என்று, ஒரு மாட்டை விற்பதற்கு எழுதுவதைப் போல எழுதி, விற்றவராக விடுதியை நடத்தும் ஜீனி மே கிராஃபோர்டின் பெயரைக் குறித்திருக்கிறது. நீங்கள் ஊருக்குள் வந்தபோது புன்னகையோடு அறை கொடுத்த பெண்மணி அவள்தான். அவளை நைச்சியமாகப் பேசி டைனோசருக்கு முன்னால் அழைத்துப் போகும் அந்தச் சில நிமிடங்கள் எனக்கு ஒவ்வொரு முறையும் கனமாகவே இருக்கின்றன. அவள் செய்தது மன்னிக்க முடியாதது. ஆனால் விசாரணையும் தீர்ப்பும் தண்டனையும் ஒரே ஆளின் தலையில், ஒரு தொப்பியில் வந்து நிற்கின்றன.

பிறகு பூன் உங்களோடு வருவார். அவரை வெறும் துப்பாக்கியாகப் பயன்படுத்திவிட வேண்டாம். லீஜனின் கையில் மனைவியைத் தொலைவிலிருந்து தொலைநோக்கி வழியே பார்த்தபோது, மீட்க வழியே இல்லாமல், அவளைத் தன் கையாலேயே சுட்டவர் அவர். அதற்கும் முன்பு, பிட்டர் ஸ்பிரிங்ஸில் கிரேட் கான்ஸ் கூட்டத்தைக் குடியரசுப் படை சூழ்ந்தபோது, கணவாய் வழியே தப்பி வந்த முதியவர்களையும் பெண்களையும் குழந்தைகளையும் கட்டளைப்படி சுட்ட அணியிலும் அவர் இருந்தார். கார்லாவின் மரணத்தை, அன்று செய்ததற்கான தண்டனையாகவே அவர் எண்ணுகிறார். இதையெல்லாம் அவர் உடனே சொல்லமாட்டார். லீஜன் முகாம்களுக்கும் குடியரசின் பாசறைகளுக்கும் அவரை அழைத்துப்போய், அவர் கண்முன்னே நீங்கள் நடந்துகொள்ளும் விதத்தால் நம்பிக்கை வளர்ந்த பிறகுதான் வாய் திறப்பார். அப்போது பிட்டர் ஸ்பிரிங்ஸுக்கே அவரைக் கூட்டிச் செல்லுங்கள். அங்கே நீங்கள் அவரிடம் சொல்லும் வார்த்தைகள், அவர் பழிவாங்கலிலேயே முடிவாரா, தன்னோடு ஓரளவு சமாதானம் அடைவாரா என்பதைத் தீர்மானிக்கின்றன.

ஆறாம் படி: மற்ற தோழர்களை முதன்மைக் கதைக்கு முன் முடியுங்கள்

ஒரே நேரத்தில் ஒரு மனிதத் தோழரையும், ரெக்ஸ் என்ற நாய் அல்லது ஈ.டி.-ஈ என்ற மிதக்கும் இயந்திரம் ஆகியவற்றில் ஒன்றையும் கூட்டிச் செல்லலாம். ஆகவே தோழர்களை மாற்றி மாற்றி அழைத்துப் போகத் திட்டமிடுங்கள். ஹார்ட்கோர் முறையில் விளையாடினால் அவர்கள் சண்டையில் நிரந்தரமாக இறந்துவிடுவார்கள் என்பதால், முதல் ஆட்டத்துக்கு அது வேண்டாம்.

188 வணிகச் சந்தியில் கிடைக்கும் வெரோனிகா, பழைய தொழில்நுட்பங்களைப் பதுக்கி வைத்திருக்கும் பிரதர்ஹுட் ஆஃப் ஸ்டீல் அமைப்பில் வளர்ந்தவள். வெளியே வந்து மக்களோடு கலக்காவிட்டால் தன் அமைப்பு செத்துப்போகும் என்று நம்புகிறாள். பெரியவர்கள் கேட்பதாக இல்லை. அவளை அமைப்பிலேயே இருக்கச் சொல்லலாம், விலகவும் சொல்லலாம். விலகச் சொன்னால், அவளைச் சேர்த்துக்கொள்ளக்கூடிய மருத்துவர்கள் இருந்த முகாமையே அவளுடைய பழைய சகாக்கள் கொன்று குவித்திருப்பதைக் காண்பீர்கள். இருக்கச் சொன்னால், தன் கனவை அடக்கிக்கொண்டு வாழ்வாள். சுதந்திரம்தான் எப்போதும் சரியான விடை என்று பழகியவர்களை இந்த இடம் உலுக்கும். எனக்கு இன்றும் இதில் ஒரே பதில் கிடையாது. அவளோடு நீண்ட நேரம் நடந்து, அவள் பேசுவதைக் கேட்ட பிறகு, அவளுக்கு எதை இழப்பது தாங்கமுடியாதது என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அதை வைத்து முடிவெடுங்கள்.

லில்லி, ஜேக்கப்ஸ்டவுனில் வாழும் மாற்றுருப் பாட்டி. மனநோய்க்கான மருந்தை முழு அளவில் எடுத்தால் அவள் தெளிவாக இருப்பாள், ஆனால் பேரக்குழந்தைகளின் நினைவு மங்கிவிடும். அதற்கு அஞ்சியே பாதி அளவோடு நிறுத்தியிருக்கிறாள். எவ்வளவு எடுக்க வேண்டும் என்று உங்களைக் கேட்கிறாள். மருத்துவம் சரியாகச் சொல்வதும் ஒரு பாட்டி விரும்புவதும் முட்டிக்கொள்ளும் இந்தச் சிறிய கேள்விக்கு, குடியரசும் லீஜனும் மோதும் ஹூவர் அணை யாருக்கு என்ற பெரிய கேள்வியைவிட அதிக நேரம் செலவிடுவது வீணாகாது.

காஸ் தன் வணிக வண்டிகளை எரித்தவர்களைக் கொல்ல வேண்டும் என்பாள். ஆதாரங்களைத் திரட்டிக் குடியரசின் அதிகாரியிடம் ஒப்படைக்கும் வழியும் உண்டு, அதற்கு அவளைச் சம்மதிக்க வைப்பதே உங்கள் வேலை. ஆர்கேட் கேனன் என்ற மருத்துவரைப் பற்றி ஒரே எச்சரிக்கை: சீசருக்கு மருத்துவ அடிமையாக அவரை விற்றுவிடும் வழியை விளையாட்டு திறந்து வைத்திருக்கிறது. என்னதான் நடக்கிறது என்று பார்க்கும் ஆர்வத்தில்கூட அதைச் செய்யாதீர்கள்.

ஏழாம் படி: விடையில்லாத சிறு தேர்வுகளைத் தாண்டிப் போகாதீர்கள்

வால்ட் 34-இன் அணு உலையிலிருந்து கசியும் கதிர்வீச்சு, மேலே குடியரசின் குத்தகை விவசாயிகள் பாசனத்துக்குப் பயன்படுத்தும் தண்ணீரில் கலக்கிறது. கசிவை அடைக்க உள்ளே போனால், இன்னும் சிலர் அங்கே உயிரோடு சிக்கியிருப்பது கணினித் திரை வழியே தெரியவரும். அவர்களை விடுவித்தால் கசிவு தொடரும், வயல்கள் பட்டுப்போகும்; கசிவை அடைத்தால் அவர்கள் சாவார்கள். பேச்சுத் திறன் 100 இருந்தாலும் மூன்றாவது வழி கிடையாது. கதிர்வீச்சு நீக்கும் மருந்துகளை நிறைய எடுத்துக்கொண்டு போங்கள். முடிவெடுக்கும் தருணத்தில் உடல்நிலைக் கவலை உங்களை அவசரப்படுத்தக் கூடாது. முன்கூட்டியே அந்த விவசாயிகளோடு பேசியிருப்பதும் அவசியம். ஒரு பக்கத்தின் குரலை மட்டும் கேட்டுவிட்டு முடிவெடுத்தால், அந்தத் தேர்வு ஏற்கெனவே சாய்ந்துவிட்டது.

ஹீலியோஸ் ஒன் சூரிய மின் நிலையத்தில் மின்சாரத்தை யாருக்குத் திருப்புவது என்ற தேர்வு வரும்: படை முகாமுக்கும் பணக்கார வீதிக்கும், ஏழைக் குடியிருப்புகளுக்கு, எல்லாருக்கும் சமமாக, அல்லது ஆர்க்கிமிடிஸ் என்ற ஆயுதத்துக்கு. சமமாகப் பிரிப்பதையே நான் விரும்புகிறேன். ஏழைகளுக்கு மட்டும் என்பதற்கும் வலுவான நியாயம் உண்டு.

எட்டாம் படி: வேகஸுக்குள் நுழைந்ததும் எல்லாருக்கும் காது கொடுங்கள்

நகருக்குள் வந்து பென்னியின் விவகாரம் சூடுபிடிக்கும் கட்டத்தில், லீஜனும் குடியரசும் தத்தம் தூதர்கள் வழியே உங்கள் பழைய பகைகளை மன்னித்து அழைப்பு விடுக்கும். இது ஒரே ஒரு முறை கிடைக்கும் வாய்ப்பு. இந்த இடைவெளியில் நான்கு வழிகளையும் நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். மக்களாட்சியும் சட்டமும் கொண்டுவரும் குடியரசு, தன் எல்லைக்கு மீறிப் பரவி, வரியும் அதிகாரிகளின் திமிரும் சேர்த்தே கொண்டுவருகிறது. லீஜன் கொள்ளையரை ஒழித்த பாதைகளை, அடிமைகளின் முதுகில் அமைக்கிறது. ராபர்ட் ஹவுஸ், அணுப்போர் நாளில் வேகஸை நோக்கி வந்த 77 ஏவுகணைகளில் ஒன்றுகூட நகரத்தின் மீது விழாமல் காத்தவர். தன்னைத் தவிர வேறு யாருக்கும் முடிவெடுக்கும் உரிமை இல்லை என்பதிலும் அவ்வளவே உறுதியானவர். யெஸ் மேன் என்ற இயந்திரத்தின் துணையோடு மொஹாவியைச் சுதந்திரமாக வைத்திருக்கலாம். அப்போது எல்லாப் பொறுப்பும் உங்கள் தலையில் விழும்.

இந்த நால்வரில் யார் சரி என்று விவாதிக்கும் நேரத்தில், நீங்கள் ஏற்கெனவே அறிந்த மனிதர்களை யார் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். பிரதர்ஹுட் விஷயத்தில் இது பளிச்சென்று தெரியும். ஹவுஸ் அவர்களை அடியோடு அழிக்கச் சொல்வார். எந்த வாதத்தாலும் அவர் மனத்தை மாற்ற முடியாது. குடியரசின் கர்னல் மூரும் அதையே கேட்பார். ஆனால் மெக்நமாரா அமைப்பின் தலைவராக நீடித்தால், அவரோடு உடன்படிக்கை பேசி அழிவைத் தவிர்க்கலாம். தலைமை ஹார்டினுக்கு மாறிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். ஆகவே அந்த நிலத்தடிக் கோட்டையில் தலைமைப் பூசல் எழும்போது, மெக்நமாராவை விலக்கும் வழியில் போகாதீர்கள். வெரோனிகாவோடு நடந்தவர்களுக்கு, அந்தக் கோட்டையை அழிக்கும் கட்டளை ஒரு வேலைக் குறிப்பாகவே தெரியாது. அவள் வளர்ந்த வீடாகத் தெரியும். தோழர்களை முதலில் முடிக்கச் சொன்னதற்கு இதுவே காரணம்.

கிரேட் கான்ஸைக் குடியரசின் எதிரிகள் என்று அழிக்கவும் வேண்டியதில்லை. லீஜனின் தூதன் கார்ல் அவர்களை உள்ளூர எவ்வளவு இழிவாக எண்ணுகிறான் என்பதை அவனுடைய குறிப்பேட்டிலிருந்து காட்டி, பாப்பா கானை அந்தக் கூட்டணியிலிருந்து விலக்கி, மொஹாவியை விட்டே அவர்கள் போய்விடச் செய்யலாம். பிட்டர் ஸ்பிரிங்ஸில் பூனோடு நின்றவர்களுக்கு இந்த வழியின் மதிப்பு புரியும்.

ஒரு தரப்போடு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டினால் மற்றவர்களின் பணிகள் தோல்வியடையும் என்று எச்சரிக்கை வரும். அந்த அறிவிப்புக்கு முன் தனிச் சேமிப்பு ஒன்று கட்டாயம்.

இடைவேளை: சயனுக்கு ஒரு பயணம்

2011-இல் வந்த ஹானஸ்ட் ஹார்ட்ஸ் கூடுதல் கதையை அணைப்போருக்கு முன் விளையாடுங்கள். லீஜனின் பழைய தளபதி ஜோஷுவா கிரஹாம், முதல் ஹூவர் அணைப் போரில் தோற்றதற்காக உயிரோடு தீவைக்கப்பட்டு மலைப்பள்ளத்தில் எறியப்பட்டவர். பிழைத்து, தன் மதத்துக்குத் திரும்பி, சயன் பள்ளத்தாக்கின் பழங்குடிகளைக் காக்கப் போராடுகிறார். அவருடன் இருக்கும் டேனியல், மக்கள் கையில் இரத்தம் படியாமல் அவர்களைப் பள்ளத்தாக்கை விட்டே அழைத்துச் செல்ல விரும்புகிறார். ஆனால் அதே டேனியல்தான், வேக்கிங் கிளவுட் என்ற பெண்ணின் கணவன் இறந்துவிட்டதை அவளிடம் மறைக்கிறார். அவளிடம் உண்மையைச் சொல்வதா என்பதும் உங்கள் கையில்தான். நான் சொல்லிவிடுவேன், தன் இழப்பை அறியும் உரிமை அவளுடையது.

கடைசியில் எதிரித் தலைவன் மண்டியிட்டிருக்க, ஜோஷுவா துப்பாக்கியோடு நிற்பார். அங்கே உங்கள் பேச்சால் அவர் கையைத் தடுக்க முடியும். காப்பாற்றப்படுவது எதிரியின் உயிர் மட்டுமல்ல, ஜோஷுவாவின் கோபம் அவரை மறுபடி பழைய ஆளாக மாற்றாமல் இருப்பதும்தான்.

இறுதிப் படி: ஹூவர் அணை

அணைப் போர் தொடங்கிவிட்டால் திரும்ப முடியாது. முடிந்த பிறகு விளையாட்டும் தொடராது. ஆகவே முடிக்காத தோழர் கதைகளையும் ஊர்ப் பணிகளையும் அதற்கு முன் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். போரின் முடிவில், லீஜனின் தளபதி லேனியஸ் உங்கள் முன் நிற்பான். பேச்சு அல்லது வணிகத் திறன் 100-ஐ எட்டியிருந்தால், வாளை உறையிலிருந்து எடுக்காமலேயே அவனைத் திருப்பி அனுப்ப முடியும். வணிக வழியில் போனால், உங்கள் ஆயுதம் எளிய கணக்கு: மேற்கைப் பிடித்தாலும் இவ்வளவு நீண்ட வழங்கல் பாதையைத் தாங்க முடியாது, தாங்க முயன்றால் கிழக்கையும் சேர்த்தே இழப்பான். நிப்டனில் சிலுவைகளைப் பார்த்தவர்களுக்கு, இவனை உயிரோடு விடுவது நெருடத்தான் செய்யும். நான் பேசியே அனுப்புவேன். கொல்வதைத் தேர்பவர்களைக் குறைசொல்லவும் மாட்டேன்.

சுதந்திர மொஹாவியைத் தேர்ந்தவர்கள் அடுத்து குடியரசின் தளபதி ஆலிவரையும் எதிர்கொள்ள வேண்டும்; அங்கும் பேச்சால் முடிக்கலாம்.

அதன்பின் முடிவுப் படங்கள் ஒவ்வொன்றாக வரும்: பிரிமுக்கு நீங்கள் அமர்த்தியவரின் கீழ் என்ன ஆயிற்று, கான்ஸ் எங்கே போனார்கள், பூன் எப்படி வாழ்கிறார், லில்லி யாரை நினைவில் வைத்திருக்கிறாள். அவசரப்பட்டு எதையும் தவிர்த்துவிடாமல் முழுவதும் பாருங்கள். ஒரு தோழரின் கதை அரைகுறையாக முடிந்திருந்தால், அணைக்கு முந்தைய சேமிப்பைத் திறந்து அந்த ஒருவரை மட்டும் அழைத்துக்கொண்டு கிளம்புங்கள். பெரும்பாலான தோழர் பணிகளை அந்த நிலையிலும் முடிக்க இயலும். தரப்புகள் சார்ந்தவை மட்டுமே மூடிப்போயிருக்கும்.